அப்பாவின் பழைய பென்ஸைத் தானம் கொடுக்கலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மெர்சிடிஸ் இ 250 சி.டி.ஐ., 2011 ஆகஸ்டில் டி.என். 23 பதிவு, 92,000 கிலோமீட்டர் ஓடியது. ஆர்.சி. அப்பா பேரில் இருக்கிறது. அவர் காலமாகி ஒன்றரை வருடம். அன்றிலிருந்து காட்பாடி வீட்டுப் போர்ட்டிகோவில் துணி போர்த்தி நிற்கிறது. அதைத் திருப்பத்தூர் பக்கம் ஒரு பிள்ளைகள் இல்லத்துக்குக் கொடுத்துவிடலாமா, அமெரிக்காவில் இருக்கும் தம்பி சொல்வதுபோல வரிக்கழிவு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தம்பி சொல்வது அவர் இருக்கும் நாட்டுக்குச் சரி. அங்கே தொண்டு நிறுவனம் காரை வாங்கிக்கொண்டு ஏலத்தில் விற்கும், 1098-சி என்ற படிவம் கொடுக்கும், பெரும்பாலும் விற்ற தொகைக்கு வரிக்கழிவு உண்டு. அதுவும் அந்த நாட்டில் பதிவான நிறுவனங்களுக்குத்தான். நம் வருமான வரிச் சட்டத்தில் நன்கொடைக்குக் கழிவு தரும் 80ஜி பிரிவு, பணமாகக் கொடுத்ததை மட்டுமே கணக்கில் எடுக்கும். கார், அரிசி மூட்டை, துணி, கட்டில் என்று பொருளாக எதைக் கொடுத்தாலும் கழிவு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. ரசீதில் "மதிப்பு ரூபாய் நான்கு லட்சம்" என்று டிரஸ்ட் எழுதிக் கொடுத்தாலும் அதற்கு வரிக்கணக்கில் இடமில்லை.

அதனால் என் பதில்: காராகக் கொடுக்காதீர்கள். விற்றுப் பணத்தை இல்லத்தின் வங்கிக் கணக்கில் போடுங்கள். வரி இதற்கு ஒரு காரணம்தான், அதுவும் சின்னக் காரணம். பெரிய காரணம் அந்த வண்டி இல்லத்துக்குப் போனபின் என்ன ஆகும் என்பது.

நாற்பது பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு ஐந்து பேர் உட்காரும், தரையோடு தாழ்ந்த செடான் எதற்கு? அவர்களுக்கு வேண்டியது மாருதி ஈக்கோ மாதிரி ஒரு வேன். பென்ஸில் இன்ஜின் ஆயில் மாற்றவே ஆறரை லிட்டர் வேண்டும், அதுவும் கம்பெனி சொன்ன தர எண் உள்ள ஆயில். சின்ன மாருதிக்கு மூன்று லிட்டரில் வேலை முடியும். உங்கள் வண்டியில் இருக்கும் ஓ.எம். 651 இன்ஜினுக்கு டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரம். செயின் சத்தம் போட ஆரம்பித்தால் மேல்மூடியைத் திறந்து முடிகிற வேலை இல்லை. இந்த இன்ஜினின் ஆரம்ப வருட வண்டிகளில் டீசலைப் பீய்ச்சும் டெல்ஃபி பீசோ இன்ஜெக்டர்கள் பழுதானதும், பிறகு வேறு வகை மாற்றித் தரப்பட்டதும் தெரிந்த கதை. உங்கள் வண்டியில் மாற்றியாகிவிட்டதா என்று சர்வீஸ் பில்லில் பாருங்கள். வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்று.

ஆக, இல்லம் அதை வைத்துக்கொள்ள முடியாது, விற்கத்தான் வேண்டும். அங்கேதான் நஷ்டம். பழைய கார் சந்தையில் எத்தனையாவது ஓனர் என்பதைப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். அப்பா முதல் ஓனர். உங்கள் பேருக்கு வந்தால் ஆர்.சி.யில் வரிசை எண் இரண்டாகும். டிரஸ்ட் பேருக்குப் போனால் மூன்று, அவர்களிடம் வாங்குகிறவர் நான்கு. நடுவில் டிரஸ்ட் வராமல் நீங்களே விற்றால் ஒரு படி மிச்சம், அந்த வித்தியாசம் முழுக்கப் பிள்ளைகளுக்குப் போகும். பேரம் பேசத் தெரிந்த ஆளும் நீங்கள்தான். காரைப் பற்றி எதுவும் தெரியாத இல்ல நிர்வாகியிடம் தரகர் ஒருவர் வந்து, வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, பாதி விலை சொல்வார். அவரும் சரி என்றுவிடுவார்.

இனி வேலை. முதலில் காகிதம், அப்புறம்தான் வண்டி.

அப்பா பேரில் இருக்கும் ஆர்.சி.யை வைத்து நேரடியாக யாருக்கும் மாற்ற முடியாது. "படிவம் 29-இல் அப்பா கையெழுத்தை நீங்களே போட்டுவிடுங்கள், யார் பார்க்கப்போகிறார்கள்" என்று சொல்லும் ஏஜெண்டுகள் எல்லா ஊரிலும் உண்டு. அது போலி ஆவணம். இறப்புச் சான்றிதழ் தேதியே சாட்சி சொல்லும். சரியான வழி, ஓனர் இறந்தால் பெயர் மாற்றக் கொடுக்கும் படிவம் 31. அதோடு இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், அம்மா, தம்பி உட்பட மற்ற வாரிசுகள் ஆட்சேபம் இல்லை என்று எழுதிய கடிதம், அசல் ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, உங்கள் முகவரிச் சான்று. தம்பி வெளிநாட்டில் இருப்பதால் அவர் கடிதம்தான் தாமதமாகும். அதை இன்றே கேட்டுவிடுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஓனர் இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல், மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பம் என்பது விதி. உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. தாமதக் கட்டணம் கட்டச் சொல்வார்கள். அதற்காக வேலை நிற்காது.

இன்சூரன்ஸும் அப்படித்தான். பாலிசிதாரர் இறந்தால் பாலிசி மூன்று மாதம் வரை அல்லது அதன் முடிவுத் தேதி வரை, எது முந்துகிறதோ அதுவரைதான் செல்லும். ஒன்றரை வருடம் ஆன உங்கள் வண்டிக்கு இன்று இன்சூரன்ஸ் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நபர் பாலிசியாவது எடுக்காமல் வண்டியைக் கேட்டுக்கு வெளியே எடுக்க வேண்டாம்.

பெயர் மாற்றத்துக்கு ஆன்லைனில் போட்டதும் நின்றுவிடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, கட்டாத இ-சலான். இன்னொன்று எச்.பி., அதாவது வண்டி மேல் வங்கிக் கடன் இருக்கிறது என்ற ஆர்.சி. குறிப்பு. கடன் எப்போதோ முடிந்திருக்கும், ஆனால் ஆர்.சி.யில் வங்கி பேர் அப்படியே இருக்கும். படிவம் 35-ம் வங்கியின் தடையின்மைக் கடிதமும் கொடுத்தால் நீக்கிவிடுவார்கள். 2011-இல் கடன் கொடுத்த வங்கி இன்று அந்தப் பேரில் இல்லாமல் போயிருக்கலாம். சிண்டிகேட் வங்கி என்றால் 2020-லிருந்து கனரா வங்கி, ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியில் சேர்ந்துவிட்டன, ஐ.என்.ஜி. வைசியா 2015-இல் கோட்டக்கில் போயிற்று. சேர்ந்த வங்கியின் கிளையில் பழைய கடன் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். அந்தக் கடிதத்துக்கு ஆயுள் குறைவு. வாங்கிப் பீரோவில் வைக்காமல் உடனே விண்ணப்பத்தோடு சேருங்கள்.

காட்பாடி என்பதால் முகவரியில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, வாலாஜா பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் ஆர்.சி.யில் வேலூர் மாவட்டம், ஆதாரில் திருப்பத்தூர் அல்லது ராணிப்பேட்டை மாவட்டம் என்று நிற்கும். இன்னும் பழைய வண்டியாக இருந்தால் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றுகூட இருக்கலாம். பெயர் மாற்றும்போதே முகவரியையும் சேர்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது தேதி. 2011 ஆகஸ்ட் பதிவென்றால் 2026 ஆகஸ்டோடு 15 வருடம் முடிகிறது. டில்லியில் பத்து வருட டீசல் வண்டிக்குத் தடை என்று படித்துவிட்டுப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்; அந்தக் கதை டில்லி சுற்றுவட்டாரத்துக்கு, தமிழ்நாட்டுக்கு இல்லை. இங்கே 15 வருடம் முடிந்தால் படிவம் 25 கொடுத்து, வண்டியை இன்ஸ்பெக்டரிடம் காட்டி, ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். புதுப்பிப்புக் கட்டணம் காருக்கு 5,000 ரூபாய், 20 வருடம் தாண்டினால் 10,000. பசுமை வரி தனி. இறக்குமதிக் கார் என்றால் இதுவே 40,000, 80,000 ஆகிறது. பென்ஸ் என்றாலே இறக்குமதி என்று பலர் நினைப்பது தப்பு. உங்கள் இ கிளாஸ் புனே பக்கம் சாக்கனில் பூட்டப்பட்டது. பி.எம்.டபிள்யூ.வும் 2007-லிருந்து சென்னைக்கு வெளியே மகிந்திரா சிட்டியில் பூட்டுகிறார்கள். ஆர்.சி.யில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். காலக்கெடுவுக்கு முன் இரண்டு மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் வீதம் ஏறும். பதிவு முடியும் முன்பே விற்கலாமா, புதுப்பித்துவிட்டு விற்கலாமா என்றால், புதுப்பித்துவிட்டு விற்பது நல்லது. "எஃப்.சி. எடுத்தாச்சு, இன்னும் ஐந்து வருடம் இருக்கு" என்ற ஒரு வரிக்கு, செலவழித்ததைவிட அதிகமாகவே விலையில் கிடைக்கும்.

வண்டிக்கு வருவோம். ஒன்றரை வருடம் அசையாமல் நின்ற கார். வேலூர் வெயிலில் பேட்டரி செத்திருக்கும். இந்த வண்டிகளுக்குப் பெரிய பேட்டரி, விலையும் அப்படியே. வோல்டேஜ் குறைந்தால் சம்பந்தமில்லாத எச்சரிக்கை விளக்கெல்லாம் எரியும். அதைப் பார்த்துப் பதறி ரிப்பேருக்குக் கொடுக்காதீர்கள். நல்ல பேட்டரி போட்டபின் எது மிச்சமாக எரிகிறதோ அதுதான் உண்மையான பழுது. ஸ்டார்ட் செய்வதற்கு முன் பானெட்டைத் திறந்து எலி கடித்த வயர் இருக்கிறதா பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 3218 என்றால் 2018-இன் 32-ஆவது வாரம். ஆறு ஏழு வருடம் தாண்டியிருந்தால் பள்ளம் நன்றாக இருந்தாலும் ரப்பர் காய்ந்துபோயிருக்கும். அந்த டயரில் பெங்களூர் ரோட்டில் நூறில் போவது ஆபத்து. பிரேக் டிஸ்கில் துரு பிடித்திருந்தால் மெதுவாக ஓட்டி நாலு முறை மிதித்தாலே போய்விடும். சீட் லெதர் வெடித்திருக்கும். தோல் ஊரில் இருந்துகொண்டு அதற்குக் கவலைப்பட வேண்டாம், ஆனால் விற்கும் முன் புதிதாகத் தைக்கவும் வேண்டாம். வாங்குகிறவர் கம்பெனி லெதரைத்தான் மதிப்பார்.

செலவழிக்க வேண்டியது பேட்டரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, நன்றாக ஒரு கழுவல், பென்ஸ் ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறையில் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட். அவ்வளவுதான். ஏ.சி. கம்ப்ரஸர், கியர்பாக்ஸ் கோளாறு மாதிரிப் பெரிய வேலைகளைச் செய்துவிட்டு விற்றால் போட்ட காசு திரும்பாது. ரிப்போர்ட்டைக் காட்டி, குறையைச் சொல்லி, விலையைக் குறைத்துக் கொடுங்கள். இரண்டாவது சாவி எங்கே என்று தேடுங்கள். சேஸ் நம்பரைக் கொடுத்துக் கம்பெனியில் ஆர்டர் செய்து வாங்க வேண்டிய சாவி அது; ஒரே சாவி என்றால் பேரத்தில் அதைச் சொல்லிச் சொல்லியே குறைப்பார்கள்.

வேலூரில் இந்த வண்டிக்கு ஆள் குறைவு. சென்னை 135 கிலோமீட்டர், பெங்களூர் 210. வாங்குகிறவர் இரண்டில் ஒன்றிலிருந்துதான் வருவார். விலை ஒன்றாக இருந்தால் சென்னைக்காரருக்கே கொடுங்கள். கர்நாடகாவுக்குப் போனால் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று எடுக்க வேண்டும், அவர் அங்கே சாலை வரி கட்ட வேண்டும், அதைச் சொல்லி உங்களிடம் விலை குறைப்பார். போதாததற்கு, அவர் அங்கே மறுபதிவு செய்கிறவரை ஓனர் நீங்கள்தான்.

இந்தக் கடைசி விஷயம் விற்றாலும் சரி, தானமாகவே கொடுத்தாலும் சரி, உயிர்நாடி. மோட்டார் வாகனச் சட்டத்தில் பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் ஓனர். 2018-இல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: வண்டி கைமாறி மூன்று பேர் தாண்டியிருந்தாலும் பேர் மாறவில்லை என்றால் விபத்து இழப்பீட்டுக்குப் பதிவான ஓனரே பொறுப்பு. "இல்லத்துக்குக் கொடுத்துவிட்டோம், அவர்கள் மாற்றிக்கொள்வார்கள்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு, இன்சூரன்ஸ் இல்லாத வண்டி பள்ளிகொண்டா அருகே யாரையாவது இடித்த பிறகுதான் இது தெரியவரும். ஆகவே கைமாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம் 29 இரண்டு பிரதி, பெயர் மாற்ற விண்ணப்பமான படிவம் 30, அவற்றில் கேட்கும் கையெழுத்துகள், ஆன்லைன் விண்ணப்ப எண் கைக்கு வந்த பிறகே சாவி. டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும், ஓடிய கிலோமீட்டரையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பதினான்கு நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டியது கொடுக்கிறவர் கடமை. ஃபாஸ்டாக்கை வங்கியில் சொல்லி மூடிவிட்டு ஸ்டிக்கரைச் சுரண்டி எடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு டோல்கேட்டிலும் உங்கள் பணம் போகும்.

பணத்தை ரொக்கமாக வாங்காதீர்கள். ஒருவரிடமிருந்து ஒரே விற்பனைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் உண்டு. அது காசு வாங்கியவர் தலையில்தான் விழும். சொந்த உபயோகக் காரை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. கார் தோல் கம்பெனி பேரிலோ கடை பேரிலோ இருந்து தேய்மானம் எழுதியிருந்தால் கதை வேறு: ஜி.எஸ்.டி. பதிவுள்ளவர் விற்றால், வருமான வரிக் கணக்கில் தேய்மானம் போக மிஞ்சிய மதிப்புக்கு மேல் கிடைத்த லாபத்துக்கு 18 சதவீதம் வரி. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் இத்தகைய கார்கள் பல கம்பெனி பேரில் இருக்கும். ஆடிட்டரைக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

சரி, பணம் வந்தாயிற்று. மூன்று லட்சம் என்று வைப்போம். முதலில், நீங்கள் புதிய வரி முறையில் இருந்தால் 80ஜி கழிவே கிடையாது. கொடுக்கிற மனசுக்குக் கொடுங்கள், கணக்குப் பார்க்க வேண்டாம். பழைய முறை என்றால், சாதாரண டிரஸ்டுக்குக் கொடுத்ததில் பாதிதான் கழிவு, அதுவும் சரிக்கட்டிய மொத்த வருமானத்தின் (மற்றக் கழிவுகள் போக மிஞ்சியது) பத்து சதவீத வரம்புக்குள். அந்த வருமானம் 12 லட்சம் என்றால் வரம்பு 1,20,000, கழிவு 60,000, முப்பது சதவீதப் படியில் மிச்சமாகும் வரி, செஸ் சேர்த்து 18,720 ரூபாய். மூன்று லட்சத்தையும் ஒரே மாதத்தில் கொடுத்தாலும் இதே 18,720தான். மார்ச்சில் 1,20,000, ஏப்ரலில் இன்னொரு 1,20,000 என்று கொடுத்தால் ஒரு மாத இடைவெளியில் இரண்டு வருடக் கழிவு. முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்கு நூறு சதவீதம் உண்டு, வரம்பும் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டது அந்த இல்லத்துக்கு.

கொடுக்கும் முன் அந்த இல்லத்தின் 12ஏபி (டிரஸ்டின் வரிவிலக்குப் பதிவு), 80ஜி ஒப்புதல் எண்ணையும் அது எந்த வருடம் வரை செல்லும் என்பதையும் கேளுங்கள். வருமான வரித்துறை தளத்தில் பேரைப் போட்டுச் சரிபார்க்கலாம். இப்போது 80ஜி ஒப்புதல் நிரந்தரம் இல்லை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சின்ன இல்லங்கள் சில இதை மறந்துவிடுகின்றன. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. வெறும் ரசீது போதாது. அவர்கள் மே 31-க்குள் துறைக்குக் கணக்கு அனுப்பி, உங்கள் பான் எண்ணோடு 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழ் எடுத்துத் தர வேண்டும். 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஊரில் எல்லோரும் 80ஜி என்றுதான் சொல்வார்கள், அதனால் நானும் அப்படியே எழுதியிருக்கிறேன். தம்பியும் பங்குக்குப் பணம் போடுகிறேன் என்றால் ஒன்று கவனியுங்கள்: அவர் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால் தடையில்லை; அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி அனுமதி உள்ள நிறுவனம் மட்டுமே வாங்கலாம்.

"இல்லை, அப்பா கார், விற்க மனம் வரவில்லை, காராகவே யாராவது ஓட்டட்டும்" என்றால் அதற்கும் வழி உண்டு. அப்படிக் கொடுக்கும்போது டிரஸ்ட் பேருக்குப் பெயர் மாற்ற, மேலே சொன்ன படிவங்களோடு டிரஸ்ட் பத்திர நகல், அதன் பான், யார் கையெழுத்துப் போடலாம் என்ற தீர்மானம் வேண்டும். ஒரு வருட இன்சூரன்ஸும் நான்கு டயரும் போட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் தானம் வாங்கிய அன்றே அவர்களுக்குக் கடன். ஆம்புலன்ஸாக மாற்றிக்கொள்ளட்டும் என்று நினைக்க வேண்டாம். பதிவில் உள்ள வடிவத்தை மாற்றிச் செடானை ஆம்புலன்ஸ் ஆக்கச் சட்டம் இடம் தராது. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கே கொடுத்துவிடலாம் என்றும் சிலர் யோசிப்பார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அரசுக்குச் சொந்தமான வண்டிக்கு 15 வருடத்துக்கு மேல் பதிவு கிடையாது. உங்கள் கார் அங்கே போனால் சில மாதத்தில் ஷெட்டில் நிற்கும். அந்தக் காலத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் பியூஜோ காரில் குடியாத்தம் ரோட்டில் ஊர் ஊராக நின்று மருந்து கொடுத்தபோது கார் என்பதே கிடைக்காத பொருள். இன்று கார் கிடைக்கிறது, டீசலுக்கும் டிரைவர் சம்பளத்துக்கும்தான் காசு இல்லை.

வண்டி ஓடவே ஓடாது என்று பட்டறையில் கைவிரித்துவிட்டால் இரண்டு வழி. மோட்டார் மெக்கானிக் பிரிவு உள்ள ஐ.டி.ஐ.க்கோ, ஆட்டோமொபைல் பிரிவு உள்ள பாலிடெக்னிக்குக்கோ, முதல்வர் எழுத்து மூலம் ஏற்றுக்கொண்டால், ஆர்.சி.யை ரத்து செய்துவிட்டுப் பயிற்சிக்குக் கொடுக்கலாம். பிரித்துப் பார்த்துப் படிக்க ஒரு டீசல் பென்ஸ் இன்ஜின் பிள்ளைகளுக்கு எளிதில் கிடைக்காது. இல்லையென்றால் பதிவு பெற்ற வாகனக் கழிப்பு (ஸ்கிராப்) மையத்தில் விட்டு, வண்டியை ஒப்படைத்ததற்கான டெபாசிட் சான்றிதழ் வாங்குங்கள். புது வண்டி வாங்கும்போது சலுகைக்கு அது ஆகும். இரும்புக் கடையில் எடைக்குப் போடாதீர்கள். சேஸ் நம்பர் வேறு வண்டியில் ஏறிவிடும், பொறுப்பு உங்கள் பேரில் இருக்கும். எங்கே போட்டாலும் சைலன்சரில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குத் தனி விலை கேளுங்கள். அதில் பிளாட்டினம் வகை உலோகம் இருக்கிறது. கேட்காதவரிடம் அதை இரும்போடு இரும்பாக எடை போட்டு எடுத்துக்கொள்வார்கள்.

இன்றைக்குத் தொடங்க வேண்டியது தம்பியின் கடிதமும் வாரிசுச் சான்றிதழும். அது இரண்டும் வரும்வரை வண்டியின் துணியை எடுத்து, நிழலில் கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கிவிட்டுக் காற்றோட்டமாக நிறுத்திவையுங்கள்.